உயரம் சொல்லும் பொய்

இரவெல்லாம் நின்ற பழைய சிட்ரோன் பிஎக்ஸ் காரைக் காலையில் பார்த்தால், களைத்துப் படுத்த மாட்டைப் போல வயிற்றைத் தரையோடு வைத்துக்கொண்டிருக்கும். அதே தெருவில் நிற்கும் எம்.ஜி.எஃப். கார் ஒரு பக்கம் மட்டும் சரிந்திருக்கும். முன்னதற்கு அது உறக்கம். சாவியைத் திருப்பிய சிறிது நேரத்தில் பின்புறம் முதலில் எழும், பிறகு முன்புறம் எழும். பின்னதற்கு அது நோய். அந்தப் பக்கத்துத் திரவம் எங்கோ கசிந்திருக்கிறது. யாராவது பம்பு கொண்டுவந்து ஏற்றினால்தான் நிமிரும். இரண்டையும் தாங்கி நிற்பது கமான் பட்டையும் இல்லை, காயில் ஸ்பிரிங்கும் இல்லை. குழாயில் அடைபட்ட திரவமும் அதன் மறுமுனையில் கொஞ்சம் நைட்ரஜனும்தான்.

சஸ்பென்ஷனில் திரவத்தை நம்பிய இந்த இரு குடும்பங்களை ஒப்பிட்டவர்கள் பெரும்பாலும் சவாரி சுகத்தையே எடைபோட்டார்கள். எது குழியில் மெத்தென்று இறங்குகிறது, எது வளைவில் சாயாமல் போகிறது என்பதே அவர்கள் கேள்வி. இங்கே நான் எடுத்துக்கொள்வது வேறு. முப்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஓய்ந்த உறுப்பைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்ட வேண்டிய நாள் வருகிறது. அந்த நாளில் இவை இரண்டும் எப்படி நடந்துகொள்கின்றன? சிட்ரோனின் பிரெஞ்சு ஏற்பாடு சிக்கலானது, எம்.ஜி.எஃப். காரின் ஆங்கிலேய ஏற்பாடு எளியது என்று எல்லோரும் சொல்வார்கள். காகிதத்தில் அது சரி. பட்டறையில் அந்த வரிசை தலைகீழாகிறது.

பிரெஞ்சு ஏற்பாட்டை உருவாக்கிய பால் மாஜேஸ் 1925இல், பதினேழு வயதில், சிட்ரோனில் வேலைக்குச் சேர்ந்தவர். பொறியியல் பட்டம் இல்லாதவர். ஆங்கிலேய ஏற்பாட்டை உருவாக்கிய அலெக்ஸ் மோல்டன் கேம்பிரிட்ஜில் படித்தவர். ரப்பர் அவருக்குப் பரம்பரைத் தொழில். பதப்படுத்திய ரப்பரின் மாதிரிகளை அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் ஊரில் 1848இல் ஆலை தொடங்கிய ஸ்டீபன் மோல்டன் இவருடைய கொள்ளுத்தாத்தா. மாஜேஸ் எண்ணெயில் தொடங்கினார். எண்ணெயையும் வாயுவையும் பிரித்து வைக்க அவருக்கு ஒரு ரப்பர் சவ்வு தேவைப்பட்டது. மோல்டன் ரப்பரில் தொடங்கினார். ரப்பரை மட்டும் நம்பி 1959இன் மினியைத் தாங்க வைத்தவருக்கு, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் பேசவைக்க ஒரு திரவம் தேவைப்பட்டது.

1954இல் டிராக்ஷன் அவான் காரின் பின்சக்கரங்களிலும், 1955 அக்டோபரில் டிஎஸ் காரின் நான்கு சக்கரங்களிலும் மாஜேஸின் எண்ணெய்-வாயுக் கோளங்கள் வந்தன. 1962இல் மோரிஸ் 1100 காரில் மோல்டனின் ஹைட்ரோலாஸ்டிக் வந்தது. அதில் ஸ்பிரிங் இன்னும் ரப்பர்தான், திரவம் தூது மட்டும் போனது. 1973இல் ஆஸ்டின் அலெக்ரோவில் ஹைட்ராகாஸ் என்ற பெயரில் அந்த ரப்பர் ஸ்பிரிங்கின் இடத்தை நைட்ரஜன் பிடித்தது. எதிரெதிர் முனைகளிலிருந்து கிளம்பிய இருவரும், சவ்வுக்கு ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் திரவம் என்ற ஒரே பொருளுக்கு வந்து சேர்ந்தார்கள். அவசரமாகப் பார்க்கிறவருக்குச் சிட்ரோனின் கோளமும் அலெக்ரோவில் அதே வேலை செய்யும் டிஸ்ப்ளேசரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகவே தெரியும். ஷாக் அப்சார்பர் செய்யவேண்டிய வேலையைக்கூட இரண்டிலும் உள்ளே பதித்த ஒரு சிறு வால்வே பெரும்பாலும் செய்கிறது.

வேற்றுமை குழாய்களில் இருக்கிறது. சிட்ரோனில் இடதுசக்கரமும் வலதுசக்கரமும் ஒரே குழாயில் கூட்டு; குறுக்காக ஓடும் உறவு அது. மோல்டனின் கார்களில் இடப்பக்கத்து முன்சக்கரமும் இடப்பக்கத்துப் பின்சக்கரமும் கூட்டு. நெடுக்காக ஓடும் உறவு. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் அங்கிருந்து தள்ளப்பட்ட திரவம் பின்னால் போய்ப் பின்புறத்தையும் சற்று உயர்த்தும்; கார் மூக்கைத் தூக்காமல் தட்டையாகவே ஏறும்.

இங்கே ஒரு வியப்பு. இந்த நெடுக்கு உறவு சிட்ரோன் வீட்டிலேயே முன்பு இருந்தது. 1948இல் காட்டப்பட்ட 2சிவி காரில், ஒவ்வொரு பக்கத்திலும் கிடையாகப் படுத்த ஓர் உருளைக்குள் ஸ்பிரிங்குகளை வைத்து, முன்சக்கரக் கையையும் பின்சக்கரக் கையையும் அதில் கட்டியிருந்தார்கள். உழுத வயலில் முட்டைக்கூடை உடையாமல் போகவேண்டும் என்று கேட்கப்பட்ட கார் அது. எண்ணெயும் பம்பும் இல்லாமல் எஃகால் செய்த அந்த ஏற்பாட்டுக்கு நெருங்கிய உறவு அதே நிறுவனத்தின் டிஎஸ் அல்ல, கடல் தாண்டி நிற்கும் மோரிஸ் 1100. உறுப்பை வைத்து உறவு சொன்னால் ஹைட்ராகாஸும் டிஎஸ்ஸும் ஒன்று. வேலையை வைத்துச் சொன்னால் ஹைட்ராகாஸும் 2சிவியும் ஒன்று.

இனிப் பழுதுக்கு வருவோம். இரண்டும் நோய்ப்படுவது ஒரே வழியில்தான். எண்ணெய் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும், பம்பு மக்கார் செய்வது காதுக்குத் தெரியும். நைட்ரஜன் போவது எதற்கும் தெரியாது. ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதனூடே வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கும். கார் எடை குறையவில்லை. ஆகவே அழுத்தமும் குறையாது. குறைவது வாயுவின் கன அளவு. தாங்கும் எடை அதே, தாங்குகிற வாயு பாதி என்றால் ஸ்பிரிங் இருமடங்கு விறைப்பாகும். கடைசியில் சவ்வு ஒட்டிக்கொண்டு, சக்கரம் கல்லில் பட்டால் அந்த அடி நேரே முதுகெலும்புக்கு வரும்.

வாயு போனால் கார் தாழவேண்டும் அல்லவா? சிட்ரோனில் தாழாது. உயரத்தைக் காக்கும் வால்வு, போன வாயுவின் இடத்தை எண்ணெயால் நிரப்பி, காரைப் பழைய உயரத்திலேயே நிறுத்திவிடும். ஓட்டுகிறவர் மாதக்கணக்கில் கெட்டியாகிக்கொண்டே வரும் சவாரிக்குப் பழகிப் போவார். எம்.ஜி.எஃப். காரில் தாழும், அதற்குப் பம்பு கிடையாது, வால்வு கிடையாது. ஆனால் பட்டறைக்கு வந்ததும் மெக்கானிக் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்புவரை டேப் பிடித்துப் பார்க்கிறார், குறைகிறது, திரவத்தை ஏற்றுகிறார், அளவு சரியாகிறது, வண்டியைத் தருகிறார். அவரும் வாயுவின் இடத்தில் திரவத்தைத்தான் நிரப்பியிருக்கிறார். சிட்ரோனில் இயந்திரம் தானாகச் செய்வதை இங்கே மனிதக் கை செய்கிறது. இரண்டிலும் உயரம் சரி, நலம் சரியில்லை. பழைய கார் வாங்கப் போகிறவர் இரண்டிலுமே நிற்கும் உயரத்தை நம்பக் கூடாது. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இதுதான், மிகவும் ஆபத்தான ஒற்றுமையும் இதுதான்.

நோய் ஒன்றாக இருந்தாலும் மருத்துவம் வேறு. பிஎக்ஸ் காரின் பின்கோளத்தை மாற்றும் வேலையை அருகில் நின்று பார்ப்போம். உயர நெம்பைக் கீழ்நிலைக்குத் தள்ளி, இன்ஜினை நிறுத்தி, முன்னால் இருக்கும் அழுத்தச் சீராக்கியின் சிறு திருகை ஒரு சுற்றுத் தளர்த்த வேண்டும். உஸ் என்று மூச்சு விடுவது போல எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். கார் அமரும். இதற்கு முன்பே உடலுக்கடியில் ஸ்டாண்டுகள் வைத்திருக்க வேண்டும். எண்ணெயின் பலத்தில் நிற்கும் காருக்கடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. பிறகு கோளத்தைச் சங்கிலி ஸ்பானரால் பிடித்துத் திருப்ப வேண்டும். பத்தாண்டுத் துரு முதல் அசைவை விடாது. அந்த முதல் கால் சுற்றுதான் முழு வேலையின் பாதி. அசைந்துவிட்டால் மீதி, ஊறுகாய்ப் பாட்டிலின் மூடி போலக் கையோடு வரும். கோளம் அமரும் பள்ளத்தில் பழைய சீல் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் புதியதை வைத்தால் கட்டாயம் ஒழுகும். புதிய சீலுக்குக் காரில் ஓடும் அதே பச்சை எண்ணெயைத் தடவி, புதிய கோளத்தைக் கையாலேயே இறுக்க வேண்டும். ஸ்பானர் தேவையில்லை. எண்ணெயின் அழுத்தம் சீலைத் தானே பிதுக்கி அடைத்துக்கொள்ளும். இன்ஜினை ஓடவிட்டு, திருகை மூடி, நெம்பை மேலும் கீழும் சிலமுறை தள்ளினால் குழாயில் புகுந்த காற்று தொட்டிக்குப் போய்த் தானே வெளியேறிவிடும்.

எம்.ஜி.எஃப். காரின் டிஸ்ப்ளேசரை மாற்றும் வேலை வேறு மாதிரி. ஒரு பக்கத்தின் வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கினால் அந்தப் பக்கம் முன்னும் பின்னும் சேர்ந்து இறங்கும். கெட்டது ஒன்றுதான் என்றாலும் கூட்டாளியும் காலியாக வேண்டும். குழாயை விடுவித்து, சஸ்பென்ஷன் கையில் கோத்திருக்கும் மூட்டைக் கழற்றி, டிஸ்ப்ளேசரை வெளியே எடுக்க வேண்டும். அந்த மூட்டின் உருண்டையும் அதைத் தாங்கும் கிண்ணமும் கிரீஸ் இல்லாமல் காய்ந்து ஒட்டியிருப்பது பழைய கார்களில் சாதாரணம். சவாரி கெட்டதற்குப் பல நேரம் காரணம் டிஸ்ப்ளேசரே அல்ல, இந்த மூட்டுதான். மாட்டிய பிறகு கை வேலை போதாது. குழாயில் ஒரு குமிழ் காற்றும் இருக்கக் கூடாது. ஆகவே முதலில் வெற்றிடம் உண்டாக்கிக் காற்றை உறிஞ்சிவிட்டு, பிறகு சுமார் 400 பிஎஸ்ஐ வரை திரவத்தை ஏற்ற வேண்டும். அதற்கென்றே உள்ள பம்பு வேண்டும். கார் நிறுவனத்தின் சேவை மையம் ஊருக்கு ஊர் இருந்த காலத்தில் அது பொருட்டாக இல்லை. சேவை மையங்கள் போன பிறகு, அந்தப் பம்பு இருக்கும் இடத்தைத் தேடிக் காரை ஓட்டிப்போக வேண்டியிருக்கிறது.

ஆக, பம்பைக் காரிலேயே சுமந்த சிக்கலான ஏற்பாட்டுக்கு ஒரு சங்கிலி ஸ்பானர் போதும். பம்பே இல்லாத எளிய ஏற்பாட்டுக்கு வெளியிலிருந்து ஒரு பம்பு வந்தாக வேண்டும். எளிமை காரிலிருந்து நீக்கிய பொருள் உலகத்திலிருந்து நீங்கிவிடவில்லை. பட்டறைக்கு இடம் மாறியது, பட்டறையோடு சேர்ந்து அரிதாகியது.

இதன் வேர் இரு வடிவமைப்புகளின் எதிர்பார்ப்பில் இருக்கிறது. கோளம் தேயும் என்று சிட்ரோன் முதலிலேயே ஒப்புக்கொண்டது. டிஎஸ் காரின் தொடக்க காலக் கோளம் இரு பாதிகளாகத் திருகிச் சேர்த்தது. பிரித்துச் சவ்வையே மாற்றலாம். பின்னர் வந்த ஒற்றைக் கோளத்திலும் உச்சியில் ஒரு திருகு இருந்தது. அதன் வழியே நைட்ரஜன் ஏற்றலாம், சவ்வு கிழிந்திருந்தால் மட்டும் முழுதாக மாற்ற வேண்டும். புதிய கோளங்கள் இன்றும் கடைக்கு வருகின்றன. டிஸ்ப்ளேசரோ வாழ்நாள் முழுதும் திறக்க வேண்டியதில்லை என்று நம்பி மூடிப் பற்றவைக்கப்பட்டது. நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் செய்தார்கள்; வாங்குகிறவருக்குப் பராமரிப்பே இருக்கக் கூடாது என்பது அவர்கள் விருப்பம். ஆனால் அவர்கள் கணக்கிட்டது ஒரு காரின் வழக்கமான வாழ்நாளை மட்டுமே. கார்களின் மேல் மனிதர்கள் வைக்கும் பாசம் அந்தக் கணக்கில் இல்லை. இன்று கிடைப்பவை பெரும்பாலும் பழைய இருப்பும், உடைத்த கார்களிலிருந்து கழற்றியவையும்தான். அவற்றிலும் நைட்ரஜன் மெல்லக் கசிந்துகொண்டிருக்கிறது. அலமாரியில் இருந்தால் வயது நிற்குமா?

அதனால் ஹைட்ராகாஸ் பிரியர்கள் சிலர் ஒரு காரியம் செய்தார்கள். டிஸ்ப்ளேசரின் தலையில் துளையிட்டு ஒரு வால்வைப் பொருத்தி, நைட்ரஜனை மறுபடி ஏற்றினார்கள். கெட்டதென்று எறியவிருந்த உறுப்பு மறுபடி மென்மையாகத் தாங்கியது. அவர்கள் சேர்த்தது என்ன? சிட்ரோன் கோளத்தின் உச்சியில் தொடக்கம் முதல் இருந்த அதே வாசல்.

திரவங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிஎஸ் காரில் தொடக்க ஆண்டுகளில் ஓடியது சிவப்புத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உள்ளே துரு ஏற்றியது. 1966இல் கனிம எண்ணெயான பச்சைத் திரவத்துக்கு மாறினார்கள். சிவப்புக்குச் செய்த ரப்பர் பச்சையில் கெடும், பச்சைக்குச் செய்தது சிவப்பில் கெடும்; தொட்டியில் தவறான புட்டியைக் கவிழ்த்தால் கார் முழுதும் உள்ள சீல்களை மாற்ற வேண்டிவரும். மோல்டனின் திரவத்தில் இந்தப் பயம் குறைவு. நீர், உறையாமலிருக்க ஆல்கஹால், துருப்பிடிக்காமலிருக்கச் சிறிதளவு மருந்து, அவ்வளவே.

இனி, கழற்றுவதா வேண்டாமா என்ற கேள்வி. வாயு போன எம்.ஜி.எஃப். காரில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் காயில் ஸ்பிரிங் போடுகிறவர்கள் உண்டு. ஹைட்ரோலாஸ்டிக் மினியில் பழைய ரப்பர் கூம்புக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. கார் செய்த நிறுவனமே இதற்கு வழிகாட்டி: 1964இல் மினிக்குக் கொடுத்த திரவத்தை 1969 முதல் 1971க்குள் படிப்படியாகத் திரும்ப வாங்கிக்கொண்டது, 2002இல் எம்.ஜி.எஃப். காரை டிஎஃப் ஆக்கியபோது காயிலுக்கே போனது. 1980இன் மெட்ரோ காரில் ஹைட்ராகாஸை வைத்துக்கொண்டே முன்பின் குழாயை மட்டும் விட்டுவிட்டார்கள். மோல்டனுக்கு அது பொறுக்கவில்லை. தன் சொந்த மெட்ரோவில் முன்னையும் பின்னையும் இணைத்து ஓட்டிக் காட்டினார். 1990இல் வந்த புதிய மெட்ரோவில் அந்த இணைப்பு சேர்ந்தது. தன் படைப்பின் குழாயைத் தானே மீட்ட அந்தப் பிடிவாதத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

சிட்ரோனில் இந்தக் கேள்வியே எளிதில் எழாது. சஸ்பென்ஷனுக்கு அழுத்தம் தரும் பம்புதான் பிரேக்குக்கும் அழுத்தம் தருகிறது; பவர் ஸ்டியரிங் உள்ள பல மாடல்களில் அதற்கும் அதுவே. பின்பிரேக்கு பின் சஸ்பென்ஷனின் அழுத்தத்திலேயே வேலை செய்வதால், டிக்கியில் சுமை ஏறினால் பின்பிரேக்கின் பிடியும் கூடும். ஆகவே கோளத்தைக் கழற்றிக் காயில் போட நினைப்பவர் பிரேக்கையும் புதிதாகச் சிந்திக்க வேண்டும். அங்கேயே ஆசை அடங்கிவிடும். அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் தனிக்கோளம் ஓய்ந்தால் அது பிரேக்கின் கவலையும்கூட. இன்ஜின் சும்மா ஓடும்போது சீராக்கி ‘டிக்’ என்று அடிக்கும் இடைவெளியை எண்ணிப் பார்த்தால் அதன் நலம் தெரியும். நொடிக்கு நொடி அடித்தால் அதை உடனே மாற்ற வேண்டும்.

ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததே அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். 2001இன் சிட்ரோன் சி5 காரில் பிரேக்கைத் தனியாகப் பிரித்தார்கள். பொறியியலில் அது நியாயமான முடிவு. ஆனால் பின்னல் அவிழ்ந்த பிறகு சஸ்பென்ஷனைக் கழற்றுவது எளிதாகிவிட்டது. 2008இன் சி5 காரில் விலை குறைந்த வகைகள் எஃகு ஸ்பிரிங்கோடு வந்தன. 2017இல் கோளம் வைத்த புதிய கார்களே நின்றுபோயின. மினிக்கு ஐந்து ஆண்டுகளில் நேர்ந்தது சிட்ரோனுக்கு நேர அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது. திருவள்ளூரில் இணைத்து 2021 முதல் இங்கே விற்ற சி5 ஏர்கிராஸில் ஸ்பிரிங் எஃகுதான்; அதன் ஓட்டத்தின் இரு கடைகளிலும் மட்டும் அடியைத் தாங்கச் சிறு எண்ணெய்க் குப்பிகள் இருக்கின்றன.

வேலை முடிந்ததும் இரு பட்டறைகளிலும் சோதனை ஒன்றே: எடை கொடுத்து அழுத்துவது. பிஎக்ஸ் காரின் பின்மூலையில் உட்கார்ந்தால், கோளம் உயிரோடிருந்தால் கார் மெத்தென்று இறங்கும். சில நொடிகள் கழித்து, உட்கார்ந்தவரையும் சேர்த்துத் தன் உயரத்துக்கு எழும். அவர் எழுந்துகொண்டால் ஒரு கணம் கூடுதலாக உயர்ந்து பிறகு மெல்ல இறங்கி நிற்கும். எம்.ஜி.எஃப். காரில் இருவர் வேண்டும். ஒருவர் இடப்பக்கத்து முன்மூலையை அழுத்த, மற்றவர் இடப்பக்கத்துப் பின்மட்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருப்பார். குழாய் சுத்தமாக, காற்றில்லாமல் இருந்தால், முன்னால் இறங்கியது பின்னால் அவர் கைக்குள் மெல்ல எழும்.